வாசகரை ஆக்கிக்கொள்ளுதல்: பேராக்கிலிருந்து எழுதுபவரும் இணையமும்

ஈப்போவிலிருந்து கோலாலம்பூரை நோக்கித் தெற்கே இறங்கும் வழியில், தாப்பாவைத் தாண்டியதும் வருகிறது பீடோர். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பத்தாங் பாடாங் மாவட்டத்துச் சிற்றூர். வழிப்போக்கர்கள் இதை வாத்து மீ என்னும் நூடுல்ஸுக்காகவும் கொய்யாவுக்காகவும் அறிவார்கள். ஈயமும் ரப்பரும் உண்டாக்கிய ஊர் இது. லம்பங்கள் என்னும் ஈயச் சுரங்கங்கள் ஓய்ந்தன. பால்மரங்கள் நின்ற இடங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. தோட்டங்களில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் தாமான் என்னும் குடியிருப்புகளுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் பிரிந்து போயின.

தோட்டம் கலைந்தபோது வேலையும் வீடும் போனதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. வாசிப்பும் அதோடு கலைந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. தோட்டத்தில் ஒரு நாளிதழ் வந்தால் அது ஒருவருக்கு மட்டும் வருவதில்லை. எழுத்தறிந்தவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். கோயில், தமிழ்ப்பள்ளி, மன்றம் மூன்றும் ஒரே நடை தூரத்தில் இருந்தன. எழுதியவரை ஊர் அறிந்திருந்தது. நாடு விடுதலை பெற்ற 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530க்கும் குறைவு. மற்ற எந்த மாநிலத்தையும்விட அதிகமானவை பேராக்கில்தான் இருக்கின்றன என்றாலும், அந்தப் பள்ளிகளைச் சுற்றி முன்பிருந்த வாசிப்புச் சூழல் இன்று இல்லை.

இப்படிச் சிதறிய வாசகரைத்தான் இன்று எழுதுபவர் இணையத்தில் தேடுகிறார். எழுதியதை ஏற்றிவிட்டால் வாசகர் தாமாக வந்து சேர்வார் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மலேசியத் தமிழ் எழுத்தின் எழுபது ஆண்டு அனுபவம் வேறொன்றைச் சொல்கிறது. வாசகர் எந்தக் காலத்திலும் இங்கே தாமாக வந்ததில்லை. யாரோ சிலர் உட்கார்ந்து அவர்களை உருவாக்கினார்கள். இணையம் அனுப்பிவைப்பது வந்துபோகிறவர்களை. அவர்களில் சிலரை வாசகராக ஆக்கிக்கொள்வது எழுதுபவரின் உழைப்பு. இக்கட்டுரை அந்த உழைப்பு எத்தகையது என்பதைப் பார்க்க முயல்கிறது.

நாளிதழ் நடத்திய வகுப்பு

ஜப்பானியர் ஆட்சி முடிந்த சில ஆண்டுகளில், 1950ஆம் ஆண்டு, கோலாலம்பூரின் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் ‘கதை வகுப்பு’ என்றொரு பகுதி தொடங்கியது. நடத்தியவர்கள் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும். கதை எப்படி அமைய வேண்டும் என்று நாளிதழிலேயே பாடம் வந்தது. வாசகர்கள் பயிற்சி எழுதி அனுப்பினார்கள். அது திருத்தப்பட்டது, தரம் பிரிக்கப்பட்டது. தோட்டத்திலும் சிறுநகரத்திலும் இருந்தவர்கள், முகம் பார்க்காத ஆசிரியரிடம் அஞ்சல் வழியே கதை எழுதக் கற்றார்கள். மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றை எழுதுகிற எவரும் இந்த வகுப்பைத் தாண்டிப் போக முடியாது.

அதே காலத்தில் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ மாணவர் மணிமன்றத்தைத் தொடங்கிப் பிள்ளைகளை எழுத வைத்தது. மலாயாவின் தோட்டங்களிலும் மணிமன்றங்கள் முளைத்தன. 1952இல் தமிழ்நாட்டிலிருந்து வந்து ‘தமிழ் நேச’னில் சேர்ந்த கு. அழகிரிசாமி, 1957 வரை இங்கே இருந்தார். தம்மைச் சுற்றி எழுத்தாளர்களைக் கூட்டி, கதைகளைப் படித்து விவாதிக்கும் பழக்கத்தை வளர்த்தார். பிறகு ஆசிரியப் பொறுப்புக்கு வந்த முருகு சுப்பிரமணியன், 1970களின் தொடக்கத்தில் நல்ல சிறுகதைக்குப் பவுன் பரிசளிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார்.

இவை அனைத்திலும் ஒரே முறை தெரிகிறது. வாசகருக்கு ஏதோ ஒரு வேலை கொடுக்கப்பட்டது: எழுது, அனுப்பு, கருத்துச் சொல், கூட்டத்துக்கு வா. வேலை செய்தவருக்குப் பதில் கிடைத்தது. பதில் கிடைத்தவர் அடுத்த வாரம் நாளிதழுக்காகக் காத்திருந்தார். வாசகர் கூட்டம் உருவான விதம் இதுதான்.

1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதியோடு நின்றது. ஏறத்தாழ 95 ஆண்டுகள் எழுத்தாளரையும் வாசகரையும் ஒரே பக்கத்தில் சந்திக்க வைத்த வாசல் மூடியது. மற்ற நாளிதழ்கள் தொடர்ந்து வருகின்றன. ஆனாலும் ஞாயிறு பதிப்பு ஒன்றே போதும், வாசகர் வந்துவிடுவார் என்று ஒரு புதிய எழுத்தாளர் இருந்துவிட முடிந்த காலம் முடிந்துவிட்டது.

எழுத்துருவிலிருந்து கைப்பேசிக்கு

இணையத் தமிழுக்கு மலேசியாவும் சிங்கப்பூரும் முன்னோடிகள். முத்து நெடுமாறன் 1980களின் நடுவிலேயே ‘முரசு’ மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை இணையப் பக்கத்தில் ஏற்றிக் காட்டினார். 1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் தொடர்ச்சியாக 2001ஆம் ஆண்டு மாநாடு கோலாலம்பூரில் கூடியது.

அன்று பெரிய தடை எழுத்துருதான். ஒருவர் ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்புவார். பெறுபவரின் கணினியில் அது இல்லையென்றால் கட்டம் கட்டமாகத் தெரியும். எழுத்து இருந்தும் வாசகர் இல்லாத நிலை. ஒருங்குறி (யூனிகோடு) பரவியபின் அந்தச் சிக்கல் தீர்ந்தது. 2005 பொங்கலன்று முத்து நெடுமாறனின் ‘செல்லினம்’ தமிழ்க் குறுஞ்செய்தியைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்தது. 2013இல் ஆப்பிள் தன் ஐபோன் இயங்குதளத்திலேயே தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தது. பால்மரம் வெட்டியவரின் பேரன் பேருந்தில் போய்க்கொண்டே தமிழில் படிக்கவும் எழுதவும் வழி பிறந்தது.

எழுத்தாளர்களும் வாய்ப்பைப் பயன்படுத்தினார்கள். பினாங்கில் பேராசிரியராக இருந்த நாவலாசிரியர் ரெ. கார்த்திகேசு, 1999இல் தொடங்கிய ‘திண்ணை’ போன்ற இணைய இதழ்களில் எழுதினார். அதுவரை போக்குவரத்து ஒருவழியாகவே இருந்தது: தமிழ்நாட்டு வார இதழ்கள் கப்பலேறி இங்கே வந்தன, இங்கே எழுதியதை அங்கே படித்தவர் மிகச் சிலர். இணையம் அந்தப் பாதையை இருவழியாக்கியது.

தொழில்நுட்பத் தடை நீங்கியதும் அதுவரை கண்ணில் படாத ஒரு பற்றாக்குறை தெரிந்தது. நாளிதழில் வகுப்பு நடத்த ஓர் ஆசிரியர் இருந்தார். இணையத்தில் அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது.

வல்லினம் காட்டிய வழி

அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் முக்கியமானவர் ம. நவீன். கெடா மாநிலத்து லூனாஸைச் சேர்ந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியர். நண்பர்களோடு 2007இல் ‘வல்லினம்’ இதழை அச்சில் தொடங்கினார். 2009இல் அது இணைய இதழானது. அச்சுச் செலவும் அஞ்சல் செலவும் குறைந்தன என்பது வெளிப்படையான பயன். இணையத்துக்கு மாறியபின் அவர்கள் வெளியில் செய்த வேலைகள்தான் நம் கேள்விக்குப் பதில் தருகின்றன.

முதலாவது, ஆண்டுதோறும் கலை இலக்கிய விழா. திரையில் படித்தவர்கள் ஓர் அரங்கில் கூடினார்கள். நூல்கள் அங்கே வெளியிடப்பட்டன, வாங்கப்பட்டன. இரண்டாவது, இலக்கிய முகாம்களும் பட்டறைகளும். தமிழ்நாட்டு எழுத்தாளர் ஜெயமோகன் போன்றவர்கள் வந்து இரண்டு மூன்று நாள் தங்கி உரையாடினார்கள். மூன்றாவது, முன்னோரை மதித்தல். 2014இல் தொடங்கிய வல்லினம் விருது முதலில் அ. ரெங்கசாமிக்கு வழங்கப்பட்டது. ஜப்பானியர் ஆட்சியில் போடப்பட்ட சயாம் மரண ரயில் பாதையில் மடிந்த தமிழர்களின் கதையை ‘நினைவுச்சின்னம்’ நாவலில் எழுதியவர் அவர். மூத்த எழுத்தாளர்களை நேர்கண்டு ஆவணப்படுத்தினார்கள். எழுத்தாளர்களின் புகைப்படங்களைத் தொகுத்து ‘சடக்கு’ என்ற தளத்தில் வைத்தார்கள். நான்காவது, கறாரான விமர்சனம். பாராட்டை மட்டும் எதிர்பார்த்தவர்கள் மனம் வருந்தினார்கள், சர்ச்சைகள் எழுந்தன. ஆனால் படித்துவிட்டுக் கருத்துச் சொல்லும் வழக்கம் இளைய தலைமுறையில் வேர்விட்டது.

வல்லினத்தை வெறும் இணைய இதழ் என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். கதை வகுப்பும் மணிமன்றமும் அழகிரிசாமியின் கூடுகையும் செய்த வேலையை அது இணையத்தைத் துணைகொண்டு மீண்டும் தொடங்கியது. இதழ் திரையில் இருந்தது, வாசகர் தரையில் வளர்ந்தார்கள்.

தமிழ்நாட்டிலும் இதற்கு இணையான ஒரு நிகழ்வு உண்டு. ஜெயமோகன் 2014 ஜனவரி முதல் நாளிலிருந்து 2020 ஜூலை வரை, நாளுக்கொரு அத்தியாயமாக ‘வெண்முர’சை இணையத்தில் எழுதி 26 நாவல்களாக முடித்தார். வாசகர் கடிதங்களைத் தம் தளத்திலேயே பதிலோடு வெளியிட்டார். அவருடைய வாசகர்கள் அதற்கு முன்பே விஷ்ணுபுரம் இலக்கிய வட்டமாகச் சேர்ந்து, 2010 முதல் மூத்த படைப்பாளிகளுக்கு விருது வழங்கிவருகிறார்கள். 2017இல் அந்த விருது சுங்கை பட்டாணியைச் சேர்ந்த சீ. முத்துசாமிக்குக் கிடைத்தது. தோட்டத்து வாழ்வை எழுதிய மலேசியர் ஒருவருக்குக் கோவையில் வாசகர்கள் கூடி விழா எடுத்தார்கள். திரையில் தொடங்கிய உறவு அரங்கம்வரை போனால் கடலும் அதற்குத் தடையில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வாசிக்காத கூட்டம்

வாசகர் என்று நாம் எண்ணுவோரில் வாசிக்காதவர்களும் இருப்பார்கள் என்பதை 2020ஆம் ஆண்டு காட்டியது. நவீனின் ‘பேய்ச்சி’ நாவலை வல்லினமும் சென்னை யாவரும் பதிப்பகமும் வெளியிட்டிருந்தன. அதன் சில வரிகள் கதையிலிருந்து தனியே பிரிக்கப்பட்டுச் சமூக ஊடகங்களில் சுற்றின. நாவலைக் கையில் எடுக்காதவர்களும் அதைப் பற்றித் தீர்ப்புச் சொன்னார்கள். அவ்வாண்டு டிசம்பரில் உள்துறை அமைச்சு அந்த நூலுக்குத் தடை விதித்ததாக அறிவித்தது.

நாவலின் தரம் பற்றி ஒருவர் எந்தக் கருத்தும் கொள்ளலாம். இங்கே கவனிக்க வேண்டியது பரவலின் இயல்பு. வேகமாகப் பரவுவது எப்போதும் துண்டுதான், முழுப் படைப்பு அப்படிப் பரவாது. துண்டைப் பார்த்துக் கூடுகிற ஆயிரம் பேர் ஒரு நாளில் திரள்வார்கள். முழு நாவலையும் படித்துவிட்டு வாதாடும் ஒருவர் உருவாக ஆண்டுகள் ஆகும். அத்தகைய வாசகர் சிலர் இருந்ததால்தான் அந்த நாவலைப் பற்றிய கட்டுரைகளும் விவாதங்களும் தொடர்ந்தன. பெருங்கூட்டத்தை இலக்காக வைக்கும் எழுத்தாளர், தமக்குச் சோதனை வரும் நாளில் துணை நிற்பவர் யார் என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

எத்தனை பேர் வேண்டும்? அமெரிக்க எழுத்தாளர் கெவின் கெல்லி 2008இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஒரு படைப்பாளி தம் கலையால் வாழ்வதற்கு உண்மையான ரசிகர் ஆயிரம் பேர் போதும் என்று வாதிட்டார். மலேசியாவில் இந்தியர் தொகை இருபது லட்சத்தை ஒட்டியது, அவர்களில் பெரும்பாலோர் தமிழர். அதில் ஆயிரம் என்பது எட்டிவிடக்கூடிய எண்போலத் தோன்றும். ஆனால் கெல்லி சொல்லும் ரசிகர், படைப்பாளி எதைத் தந்தாலும் காசு கொடுத்து வாங்குபவர். சில நூறு படிகள் அச்சிட்டு, விழா மேடையில் தெரிந்தவர்களுக்கு விற்கும் சூழலில் அந்த ஆயிரம் மிகப் பெரிய இலக்கு. முதலில் ஐம்பது பேரை ஆக்கிக்கொள்வோம் என்பதே பேராக்கிலிருந்து எழுதுபவருக்குப் பொருந்தும் கணக்கு.

லயத்து வீடும் சொந்த வீடும்

தோட்டத்துத் தமிழருக்கு ஒரு பாடம் மிகக் கசப்பாகத் தெரியும். தோட்டம் தந்த லயத்து வீட்டைக் கூட்டிப் பெருக்கலாம், முன்னால் முருங்கை நடலாம், மூன்று தலைமுறை அங்கேயே பிறந்து வளரலாம். தோட்டம் கைமாறிய அன்று வெளியேறச் சொன்னால் வெளியேறத்தான் வேண்டும். சமூக ஊடகப் பக்கமும் அத்தகைய வீடுதான்.

இது வெறும் அச்சமில்லை, நடந்த வரலாறு. இலவச இணையப் பக்கங்களைத் தந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. ஆர்குட் 2014இல் மறைந்தது. கூகுள் பிளஸ் 2019இல் நின்றது. தமிழர் பலர் இலக்கியம் பேசிய யாகூ குழுமங்கள் 2020 டிசம்பரோடு முடிந்தன. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய ‘தமிழ்மணம்’ வலைப்பதிவுத் திரட்டி ஒரு காலத்தில் தமிழ் இணைய எழுத்தின் சந்தைத்திடலாக இருந்தது. அதை மட்டுமே நம்பியவர்களின் வாசகர்கள் அது தளர்ந்தபோது கலைந்து போனார்கள்.

எனவே எழுதுபவருக்குத் தம் பெயரில் ஒரு நிலையான முகவரி வேண்டும். முகநூலும் புலனமும் (வாட்ஸ்அப்) ஆட்களை அங்கே அழைத்துவரும் சாலைகள். வாசகரின் மின்னஞ்சலோ தொலைபேசி எண்ணோ, அவர் விருப்பத்தோடு, எழுத்தாளரின் சொந்தக் குறிப்பில் இருக்க வேண்டும். எந்த நிறுவனம் எந்தக் கதவை மூடினாலும் அந்த ஐம்பது பேருக்குச் செய்தி போய்ச்சேரும்.

இதை ஒட்டிய இன்னொரு பழக்கத்தையும் கவனிக்க வேண்டும். ஞாயிறு பதிப்பில் கதை வந்ததும், பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்துப் புலனக் குழுக்களில் பகிர்கிறோம். பத்துப் பதினைந்து வாழ்த்துச் சின்னங்கள் விழுகின்றன. படத்தில் இருக்கும் எழுத்தைப் பலர் பெரிதாக்கிப் பார்ப்பதுகூட இல்லை. மறுநாள் காலை வணக்கச் செய்திகளுக்கும் திருமண அழைப்புகளுக்கும் கீழே அது போய்விடும். ஆறு மாதம் கழித்து ஒரு மாணவி பேராக் சிறுகதைகளைத் தேடினால் அந்தப் படம் அவருக்குக் கிடைக்கப்போவதில்லை. அதே கதையை ஒருங்குறியில் தட்டச்சு செய்து, வெளிவந்த இதழும் தேதியும் குறித்து, தம் தளத்தில் ஏற்றினால் அரைநாள் வேலை. அந்தக் கதைக்குப் பல ஆண்டு ஆயுள் கூடும்.

ஊர்ப்பெயரின் வலிமை

இணையத்தில் எழுதத் தொடங்குவோர் பலர், உலகம் முழுக்கப் புரிய வேண்டுமென்று ஊர் வாடையே இல்லாத கதையை எழுதுகிறார்கள். இது தலைகீழான கணக்கு. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் டொரொண்டோவிலும் எழுதுவோர் ஏராளம். பீடோரின் செம்பனை லாரியை, மூடிய ஈய லம்பத்துக் குட்டையை, காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) ஓடிய பாட்டியின் கதையைப் பீடோர்க்காரரைத் தவிர எவர் எழுதுவார்?

ஈப்போவில் வாழ்ந்து எழுதிய மலாக்கா முத்துக்கிருஷ்ணனின் முயற்சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நாளிதழில் கணினி பற்றிய கேள்வி பதில் எழுதி வாசகரிடையே அறிமுகமானவர். தமிழ் விக்கிப்பீடியாவில் மலேசிய ஊர்களையும் வரலாற்றையும் பற்றி ஏராளமான கட்டுரைகளை ஆக்கினார். ஓர் ஊரின் பெயரைத் தமிழில் தேடுகிறவருக்குத் தமிழிலேயே விடை கிடைக்கச் செய்வது பெரும் பணி. ஊர்ப்பெயரைத் தேடி வருபவர் ஏற்கெனவே அந்த ஊர்மேல் பற்றுள்ளவர். பீடோரிலிருந்து சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனவர்கள் இரவில் தேடுவது பிறந்த மண்ணைத்தான். அவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் எழுத்து இருக்க வேண்டும்.

மொழித் தேர்வையும் இங்கே சிந்திக்கலாம். 2020 ஊரடங்கின்போது பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த சுகு, பவித்ரா தம்பதி தங்கள் எளிய வீட்டுச் சமையலை மலாய் மொழியில் காணொளியாக்கினார்கள். மிகக் குறுகிய காலத்தில் நாடே அவர்களைப் பார்த்தது. தமிழ் எழுத்தாளர் மலாய்க்கு மாற வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. தம் கதைகளில் ஒன்றிரண்டையாவது நல்ல மொழிபெயர்ப்பில் மலாய் வாசகர்முன் வைத்தால், பக்கத்து வீட்டுக்காரருக்கும் நம் இலக்கியம் தெரியவரும். தமிழ் படிக்கத் தெரியாமல் வளர்ந்த நம் சொந்தப் பிள்ளைகளுக்கும் அது ஒரு கதவு.

செய்ய வேண்டியவை

வரலாற்றிலிருந்து நடைமுறைக்கு வருவோம். பீடோரில் இருந்து எழுதும் ஒருவர், வேலைக்குப் போய்க்கொண்டே, தனி ஆளாகச் செய்யக்கூடியவை என்ன?

நாள் தவறாமை முதலாவது. கதை வகுப்பும் ஞாயிறு பதிப்பும் வேலை செய்ததற்குக் காரணம், அவை வரும் நாள் வாசகருக்குத் தெரியும் என்பதே. மாதம் ஒன்று போதும். முதல் வெள்ளி என்றால் முதல் வெள்ளிதான்.

திருத்தம் இரண்டாவது. நாளிதழில் எழுத்தாளருக்கும் வாசகருக்கும் இடையே ஆசிரியர் ஒருவர் இருந்தார். இணையத்தில் எழுதுபவர் அந்தக் காவலைத் தாமே தேடிக்கொள்ள வேண்டும். வெளியிடும்முன் படித்துத் தயங்காமல் குறை சொல்லும் இருவர் வேண்டும். பிழை மலிந்த பக்கத்துக்கு நல்ல வாசகர் மறுமுறை வருவதில்லை.

பதில் மூன்றாவது. ‘அருமை’ என்று எழுதியவருக்கு நன்றி சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எந்த இடம் பிடித்தது, உங்கள் தோட்டத்தில் இது எப்படி நடந்தது என்று திருப்பிக் கேட்டால் அவர் நினைவுகளோடு திரும்பி வருவார். அந்தக் கடிதத்தை அவர் அனுமதியோடு வெளியிட்டால் அவர் இனி வெறும் பார்வையாளராக இருக்க மாட்டார்.

சந்திப்பு நான்காவது. பீடோர், தாப்பா, சுங்காய், தெலுக் இந்தான் ஆகியவை ஒன்றுக்கொன்று எட்டிவிடும் தூரத்தில் உள்ளவை. தெற்கே தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் தமிழாசிரியர்களை உருவாக்குகிறது. ஒரு தமிழ்ப்பள்ளி வகுப்பறையோ கோயில் மண்டபமோ கிடைத்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்துப் பேர் கூடி ஒரு கதையைப் பேசலாம். இணையத்தில் அழைத்து நேரில் கூடுவதும், கூடியதை எழுதி இணையத்தில் ஏற்றுவதும் ஒன்றையொன்று வளர்க்கும்.

பிறரைப் பேசுவது ஐந்தாவது. தம் படைப்பின் சுட்டியை மட்டுமே அனுப்புகிறவரைக் குழுக்கள் விரைவில் ஒதுக்கிவிடும். நல்ல கதை எங்கிருந்தாலும் அதைப் படித்துக் காரணத்தோடு பரிந்துரைப்பவரின் சொல்லுக்கு மதிப்பு கூடும். அவர் தம்முடையதை அனுப்பும்போது திறந்து பார்ப்பார்கள்.

இவை எல்லாம் எழுதும் நேரத்தைத் தின்றுவிடாதா என்ற கேள்வி நியாயமானது. தின்றுவிடும், எல்லை வகுக்காவிட்டால். எழுத்து முதலில், அதன்பின் மிச்சமிருக்கும் நேரத்தில் மட்டுமே வாசகர் பணி என்ற வரிசையை மாற்றக் கூடாது. கொடுக்க ஒன்றுமில்லாத எழுத்தாளரைச் சுற்றி எந்த வட்டமும் நிலைக்காது.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணைத் திரை நமக்கு ஒவ்வொரு நிமிடமும் காட்டுகிறது. அந்த எண் பொய்யில்லை, ஆனால் அதை வைத்து இலக்கிய வாழ்வை அளக்க முடியாது. கதை வகுப்பை இன்றும் நினைவுகூர்வதற்குக் காரணம் அதில் படித்தவர்கள் எழுத வந்தார்கள் என்பதே. வல்லினம் வரலாற்றில் இடம்பெறப்போவதும் அது வளர்த்த இளைய எழுத்தாளர்களைக் கொண்டுதான். எழுதுபவருக்கு நான் முன்வைக்கும் அளவுகோலும் அதுவே: ஐந்து ஆண்டு முடிவில் உம் வாசகரில் ஒருவராவது தம் ஊரைப் பற்றித் தம் முதல் கதையை எழுதியிருக்க வேண்டும். அந்த ஒருவர் வந்துவிட்டால் பேராக்கின் தமிழ் எழுத்துக்கு அடுத்த தலைமுறை உண்டு. அதற்காக எந்த நிறுவனத்தின் தயவையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமையே தொடங்கலாம்.